ஒற்றைக் கோடு

ஆறாவது ஸ்லைடு. இன்னும் எட்டு போனால் அது வந்துவிடும். நடுவிரல் அம்புக்குறி விசையின்மேல் இருக்கிறது, அழுத்தவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. தலைமைச் செயலகக் கூட்ட அறையில், எங்கள் ஆய்வு மைய டைரக்டர் ரகோத்தமன் சார் திரைக்கு முன்னால் நின்று அதிகாரிகளிடம் பேசுகிறார். அவர் "அடுத்தது" என்றால் நான் அழுத்த வேண்டும், இந்தக் கூட்டத்தில் என் வேலை அவ்வளவுதான். புரொஜக்டர் வயர் குட்டை. அதனால் என்னைத் திரைக்குப் பக்கத்தில், சுவருக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்து போக வேண்டுமென்றால் எனக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஐந்து அதிகாரிகளும் எழுந்து நாற்காலியை இழுத்து வழி விட வேண்டும். ஐந்து பேர் எழுந்தால் கூட்டம் நிற்கும், கூட்டம் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். பீரோவின் கைப்பிடி தோளில் இடிக்கிறது. ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. விரல்கள் சில்லிட்டிருக்கின்றன, உள்ளங்கை மட்டும் வியர்க்கிறது. இரண்டும் ஒரே கையில் எப்படி நடக்கிறது என்று தெரியவில்லை. பதினான்காவது ஸ்லைடு தப்பு. இந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். காலை எட்டே முக்காலிலிருந்து தெரியும். இப்போது மணி பதினொன்றே கால். இரண்டரை மணி நேரமாக எனக்குத் தெரிந்திருக்கிறது, இரண்டரை மணி நேரமாக நான் சொல்லவில்லை. முதல் பத்து நிமிடம் அது தப்பு. இப்போது அது வேறு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

"அடுத்தது" என்கிறார் சார். அழுத்துகிறேன். ஏழு. படம் வந்ததும் முன்வரிசையில் யாரோ அழகாக இருக்கிறது என்பதுபோல் நாக்கைச் சொடுக்குகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. கறுப்புத் திரையில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொரு சட்டமும் ஒரு புள்ளி, ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தின் பெயரைச் சொன்னால் அங்கிருந்து இங்கே ஒரு கோடு, அடிக்கடி சொன்னால் கோடு தடிக்கும் என்று சார் விளக்குகிறார். எந்தச் சட்டத்தை நிறையச் சட்டங்கள் நம்பியிருக்கின்றன, எதை யாருமே சீந்தவில்லை என்பது பார்த்த உடனே தெரியும் என்கிறார். நன்றாகப் பேசுவார். நான் பதினாலு மாதம் பழைய கெஜட்டுகளின் ஸ்கேன் பக்கங்களில் கண்ணை வைத்து எடுத்ததை அவர் பதினாலு நிமிடத்தில் சொல்லிவிடுவார், கேட்கிறவர்களுக்கு அது முதலிலிருந்தே தங்களுக்குத் தெரிந்திருந்த மாதிரி இருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதை எனக்கு நானே மறுபடி மறுபடி சொல்லிக்கொள்கிறேன். மூன்று இடத்தில் நேர்முகத்தில் என் காலேஜ் பெயரைப் பார்த்தே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இவர் மட்டும் பெயரைப் பார்க்காமல், ஒரு சட்டத்தைக் கையில் கொடுத்து, இது எத்தனை சட்டத்தை இழுக்கிறது, எண்ணிச் சொல் என்றார். பதினொன்று என்றேன். அவர் ஒன்பது என்று நினைத்திருந்தார். திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டு, நாளைக்கே வந்துவிடு என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் படத்தின் முதல் வடிவத்தைக் காட்டியபோதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "என்னம்மா இது, தல வாரின சீப்பு மாதிரி இருக்கு. கொஞ்சம் சிக்கெடு." சிக்கெடுத்தேன். ஒரே ஒரு முறை மட்டும் சொல்லப்படுகிற ஒல்லிக் கோடுகளையெல்லாம் நீக்கினேன். படத்துக்காக மட்டும்தான். ஆறாயிரத்து முந்நூற்று எண்பது கோடுகள் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தைந்தாயின, படம் பளிச்சென்று ஆயிற்று, சார் தோளைத் தட்டாத குறையாக வாசல்வரை வந்து பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில் ஃபைலை அதே பெயரில் சேமித்தேன். அதே பெயரில். வேறு பெயர் கொடுக்க இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடியில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். பாராட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் இல்லை.

பட்டியலைப் போன வாரம் எடுத்தேன். யாருமே பெயர் சொல்லாத சட்டங்கள், நாற்பத்தொன்று. அநாதைச் சட்டங்கள் என்று சார் பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் பதினான்காவது ஸ்லைடின் தலைப்பு. பட்டியலை இந்த அதிகாரிகள் குழு ஏற்றுக்கொண்டால் நாற்பத்தொன்றையும் ஒரே மசோதாவில் சேர்த்து ஒழித்துவிடலாம், சட்டப் புத்தகம் மெலியும், நாட்டுக்கு நல்லது. காலையில் ஆபீசில் பிரிண்ட் எடுக்கும்போது, கோட்டுக்கு ஒரு வரி என்று இருக்கிற அந்த ஃபைலின் கடைசி வரி எண் கண்ணில் பட்டது. இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தைந்து. ஒரு நிமிடம் எதுவும் தோன்றவில்லை. பிறகு புரிந்தது. பட்டியலை நான் எடுத்தது படத்துக்காகச் சிக்கெடுத்த ஃபைலிலிருந்து. ஒரே ஒரு கோடு மட்டும் இருக்கிற சட்டங்கள் அதில் கோடே இல்லாதவை மாதிரி இருக்கும். முதல் ஃபைலின் நகல் பழைய பென் டிரைவில் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தேன். பதினேழு. நாற்பத்தொன்று இல்லை, பதினேழு. இருபத்துநாலு சட்டங்களை எங்கோ ஒரு மூலையில் இன்னொரு சட்டம் ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது, நான் அந்த வாயைப் பொத்திவிட்டு யாருமே கூப்பிடவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து சீட் ஃப்ளோராவுக்கு போன் போட்டேன். அவள் பஸ்ஸில் இருந்தாள். கேட்டுவிட்டு, அறுபது எழுபது வருஷமாக யாரும் தேடாத சட்டம், என் நாத்தனாரோட மாமியார் மாதிரி, இருந்தால் என்ன போனால் என்ன என்றாள். சிரித்தேன். சிரிப்பு வந்ததும் பயம் இன்னும் அதிகமாயிற்று. அவளும் கடைசியில் சிரிப்பை விட்டுவிட்டு, கூட்டம் முடியட்டும், சாரிடம் மெதுவாகச் சொல், உன் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது, மறந்துவிடாதே என்றாள். மறக்கவில்லை. அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டும், ரகோத்தமன் சாரின் கையெழுத்து. இந்த ஊரில் என்னைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். இந்தக் கட்டிடத்துக்கு வந்ததும் லிஃப்டில் அவரோடு தனியாக நான்கு மாடி வந்தேன். சார், ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தேன். சின்ன விஷயம் என்று ஏன் சொன்னேன். அவர் டையைச் சரி செய்துகொண்டு, அப்புறம்மா என்றார். சரி சார் என்றேன். நான்கு மாடி இருந்தது. இரண்டாவது மாடியிலேயே சரி சார் என்று சொல்லிவிட்டேன்.

எட்டு. ஒன்பது. ஒன்பதில் சிரிப்பு வரும் என்று சார் முன்பே சொல்லியிருந்தார், வருகிறது. ஒரு சட்டம் குத்தகைதாரர் என்றால் யார் என்று கேட்டால் இரண்டாவது சட்டத்தைப் பார் என்கிறது, இரண்டாவது மூன்றாவதைப் பார் என்கிறது, மூன்றாவது முதல் சட்டத்தில் சொன்னபடி என்கிறது. மூன்று புள்ளி, மூன்று கோடு, ஒரு வளையம். உள்ளே போன ஆள் வெளியே வரவே முடியாது சார் என்று யாரோ சொல்ல அறை முழுக்கச் சிரிக்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கிற கூடுதல் செயலாளர் ஹமீதா மேடம் மட்டும் சிரிக்காமல் பேனாவால் எதையோ குறித்துக்கொள்கிறார். எனக்கு அந்த வளையத்தைப் பார்க்க முடியவில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் சட்டம் போகும், சட்டம் போனால் என்றைக்காவது தெரியும், தெரிந்தால் வேலை போகும். மூன்று புள்ளிதான். இருபத்துநாலில் எல்லாவற்றையும் காலையில் படிக்க நேரமில்லை, நான்கைந்தைத்தான் படித்தேன். ஏழாவது வரியில் இருந்தது உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு மனைச் சட்டம், மொத்தம் ஆறு பிரிவு, ஒன்றரைப் பக்கம். அளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தச் சட்டம் சொல்வது. அதைப் பெயர் சொல்கிற ஒரே சட்டம் ஆக்கிரமிப்பு அகற்றுகிற சட்டம். அதன் ஓரத்தில் ஒரு வரி, மேற்படி பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆகமாட்டார்கள். அந்த ஒரு வரி. அந்த ஒரு கோடு. சட்டத்தை எடுத்துவிட்டால் பதிவேடு இல்லை, பதிவேடு இல்லையென்றால் அந்த வரி யாரையும் காப்பாற்றாது. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஒரு தடவை நேர்முகத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன், வெள்ளை வெள்ளையாகக் குவியல், மேலே கீற்று போட்டு மூடி வைத்திருந்தார்கள், தலையில் சும்மாடு வைத்த ஒரு பெண் பஸ்ஸைப் பார்க்காமல் நடந்துபோனாள். வெயிலில் கண் கூசியது, ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். இப்போது அந்தத் திரைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. எத்தனை வீடு இருக்கும் என்று தெரியாது. இருபது இருக்கலாம். இரண்டாயிரம் இருக்கலாம். ஒருவேளை அந்தப் பதிவேட்டை யாரும் எழுதவே இல்லாமலும் இருக்கலாம், அப்படியானால் நான் இப்படிச் சாகத் தேவையில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் ஆசைப்படுவதைக் கவனித்துவிட்டேன். கூசுகிறது.

பத்தாவது ஸ்லைடு நிற்கிறது. சார் தண்ணீர் குடிக்கிறார். கரண்ட் போகலாம். புரொஜக்டர் பல்பு சூடாகி அணையலாம். யாருக்காவது மந்திரி ஆபீசிலிருந்து போன் வரலாம். அல்லது பதின்மூன்றில் இருக்கும்போது நான் இரண்டு தடவை சட்டென்று அழுத்திவிட்டால் பதினான்கு கண்ணில் படாமல் பதினைந்து வந்துவிடும், பதினைந்து வெறும் நன்றி. ஆனால் பட்டியல் எல்லோர் முன்னாலும் ஃபைலில் இருக்கிறது, இணைப்பு இரண்டு. நேற்றே அனுப்பிவிட்டோம். நான்தான் அனுப்பினேன். சார் வெளியூரில் இருந்தார், கவரிங் லெட்டரில் நீயே "இயக்குநருக்காக" என்று போட்டுக் கையெழுத்துப் போட்டுவிடு என்று போனில் சொன்னார். அரசாங்கத்துக்குப் போகிற கடிதத்தில் என் கையெழுத்து. இசக்கியம்மாள் என்று முழுப்பெயரையும் எழுதினேன், கோணல் இல்லாமல் வர வேண்டுமென்று முதலில் வேறு காகிதத்தில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கோவில்பட்டியில் எடைமேடையில் லாரி எடை போடுகிற அப்பா, கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, கையெழுத்து இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். நேற்று மாலை நாலு மணிக்கு வைத்தார். இன்று நாலு மணிவரை அது இருக்கும். லாரி டிரைவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

பதினொன்று. அப்பாவோடு போன வேறொரு பஸ் ஞாபகம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தோம், குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு. வருவாய் ஆய்வாளர் எல்லாம் சரி பார்த்துப் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது நான், சித்தப்பா இரண்டு வருஷம் காலேஜ் போனார், முடிக்கவில்லை, அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பேனா மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்து, கேக்காததுக்கும் பதில் சொல்லுவியா தாயி என்றார். சித்தப்பா படித்த காலேஜுக்குப் போய் அவர் பட்டம் வாங்கவில்லை என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மூன்று வாரம் அலைந்தோம். சித்தப்பா தான் முடிக்காததற்கு அத்தாட்சி வாங்க அவரே வரிசையில் நின்றார். பேனா மூடின அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கின பிறகுதான் அப்பா சொன்னார், "சொன்னது தப்பில்ல. ஆனா கேக்கட்டும், பெறகு சொல்லு." ஏழு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். ஹாஸ்டலில், வகுப்பில், ஆபீசில். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்லாமலே பாதி விஷயத்தை உள்ளே வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டுவிட்டால் போதும். ஒரே ஒரு கேள்வி. நான் கேள்விக்காகக் காத்திருக்கிறேன், கேள்வி வந்துவிடக் கூடாதென்றும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதின்மூன்றில் ஹமீதா மேடம் பேனாவை நிமிர்த்துகிறார். அவர் முன்னால் இணைப்பு இரண்டு திறந்திருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. நாற்பத்தொன்றும் யாருமே சொல்லாதது என்று எப்படி உறுதிப்படுத்தினீர்கள் என்று கேட்கிறார். வந்துவிட்டது. உதட்டைத் திறந்தும்விட்டேன். ஆனால் அவர் கேட்டது சாரை. சார் தயங்கவே இல்லை, எங்கள் பெண் ஒருத்தி பதினாலு மாதம் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்திருக்கிறாள் மேடம், கண்ணாடி போடுகிற அளவுக்கு என்கிறார். எல்லோரும் என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்கிறார்கள். நானும் புன்னகை செய்கிறேன். செய்துவிட்டேன். முகம் தானாகச் செய்தது. மேடம் தலையசைத்துப் பேனாவைக் கீழே வைக்கிறார். என் கண்ணாடியை வைத்து அந்தக் கேள்வியை மூடிவிட்டார்கள். இனி யாரும் கேட்கப்போவதில்லை. அந்த இருபத்துநாலும் கேட்கப்போவதில்லை, சும்மாடு வைத்த அந்தப் பெண் கேட்கப்போவதில்லை, அவளுக்குக் கேட்க வேண்டிய இடம் இந்த அறை என்றே தெரியாது.

"அடுத்தது" என்கிறார் சார்.

விரல் விசையின்மேல் இருக்கிறது. அது என் விரல் மாதிரி இல்லை.

"அடுத்ததும்மா."

ஏசி சத்தம் கேட்கிறது. முன்னால் இருக்கிற அதிகாரியின் நாற்காலி கிரீச்சிடுகிறது. லேப்டாப் ஹேங் ஆகிவிட்டதோ என்று யாரோ மெதுவாகச் சொல்கிறார்கள். அது கூட ஒரு வழிதான், ஹேங் ஆகிவிட்டது சார் என்று சொல்லலாம், எல்லோரும் நம்புவார்கள். சார் திரும்பிப் பார்க்கிறார், இசக்கி என்று கூப்பிடுகிறார், குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருக்கிறது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எழுந்து நிற்க முயல்கிறேன். பீரோ விடவில்லை. பாதி எழுந்த நிலையில், முழங்கால் மடங்கியபடியே சொல்கிறேன்.

"சார், அடுத்த ஸ்லைடுல இருக்கற பட்டியல் தப்பு. படத்துக்காகக் கோடு குறைச்ச ஃபைல்லருந்து எடுத்துட்டேன். நான் பண்ணினதுதான். நாப்பத்தொண்ணு இல்ல, பதினேழு."

சார் சிரித்தபடி மேடம் பக்கம் திரும்பி, சின்ன கணக்கு வித்தியாசம், திருத்தி அனுப்பிவிடுகிறோம் என்கிறார். மேடம் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார்.

"மிச்ச இருபத்துநாலையும் யாராவது சொல்றாங்களா?"

"ஒவ்வொண்ணையும் ஒரு சட்டம் சொல்லுது மேடம். ஒரே ஒரு தடவ."

"ஒரு தடவ சொன்னா போதாதாம்மா சட்டத்துக்கு?"

"போதும் மேடம்."

அவர் பிரிவு அலுவலரிடம் நேற்றைய கடிதத்தைக் கேட்கிறார். பட்டியல் ஃபைலில் ஏறிவிட்டது, ஏறினதை வாயால் இறக்க முடியாது, கடிதம் கொடுத்துத்தான் திரும்பப் பெற வேண்டும் என்கிறார், பாடம் நடத்துகிற மாதிரி இல்லை, ரயில் நேரம் சொல்கிற மாதிரி. யார் கையெழுத்து என்று கேட்கிறார். பிரிவு அலுவலர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, இயக்குநருக்காக, இசக்கியம்மாள் என்று வாசிக்கிறார். நேற்று இரண்டு தடவை ஒத்திகை பார்த்துப் போட்ட கையெழுத்து. மேடம் சாரைப் பார்க்கிறார். சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து போனை எடுத்துப் பார்க்கிறார், அதில் ஒன்றும் இல்லை, திரை கறுப்பாகத்தான் இருக்கிறது. "ஆமா மேடம். அவங்க போட்டதுதான்" என்கிறார். அம்மா என்று சொல்கிறவர், அவங்க என்கிறார். நேற்றுவரை எனக்கு இருந்த ஒரே கோடு அந்த இடத்தில் மெலிவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாள் ஐந்து அதிகாரிகளின் கை மாறி என்னிடம் வருகிறது. லேப்டாப் ஓரத்தில் வைத்து எழுதுகிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள். பார்வை என்று எழுதிப் புள்ளி வைத்ததும் கை நின்றுவிடுகிறது. பிரிவு அலுவலர் எட்டிப் பார்த்து, நேற்றைய கடிதத்தின் எண்ணை அதில் போடுங்கள், இல்லையென்றால் இது எதோடு சேர வேண்டுமென்று தெரியாமல் தனியாகக் கிடக்கும் என்கிறார். எண்ணைப் போடுகிறேன், தேதியைப் போடுகிறேன். இருபத்துநாலு பெயரையும் எழுதுகிறேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொல்கிற ஒரே சட்டத்தின் பெயரை. பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது, அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அறை காத்திருக்கிறது. யாரோ டீ சொல்கிறார்கள். கடைசியில் கையெழுத்து. இயக்குநருக்காக என்று எழுத வேண்டுமா என்று சாரைப் பார்க்கிறேன். அவர் நிமிரவில்லை. எழுதாமல் விடுகிறேன். இசக்கியம்மாள் என்று மட்டும் போடுகிறேன். கோணலாக வந்திருக்கிறது, லேப்டாப் ஓரம் இடித்துவிட்டது.

தாள் ஐந்து கை மாறித் திரும்பிப் போகிறது. பிரிவு அலுவலர் அதை நேற்றைய கடிதத்தின்மேல் வைத்துத் துளை போட்டு, டேக்கைக் கோத்து இழுத்து முடிச்சுப் போடுகிறார். நான் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை, கதவு அதே தூரத்தில்தான் இருக்கிறது, பீரோ அதே இடத்தில் இடிக்கிறது. மணி பன்னிரண்டு ஐந்து. நாலு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. நாளைக்கு ஆபீசுக்குப் போனால் என்ன சொல்வார் என்று யோசிக்க ஆரம்பித்து, லிஃப்டில் இறங்கும்போதே சொல்லிவிடுவாரோ என்று தாவி, நான்கு மாடி என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது சாரின் குரல் கேட்கிறது. இந்தப் பக்கம் பார்க்காமல் சொல்கிறார்.

"பதினஞ்சுக்குப் போங்க."

பதினைந்துக்குப் போக வேறு வழி இல்லை, இரண்டு தடவை அழுத்த வேண்டும். முதல் அழுத்தலில் நாற்பத்தொன்றும் திரையில் வருகின்றன. அநாதைச் சட்டங்கள். ஏழாவது வரியை நான் தேடவே இல்லை, அதுவாகக் கண்ணில் படுகிறது. அதை ஒருமுறை முழுப்பெயரோடு வாய்க்குள் படித்துவிட்டு, மறுபடி அழுத்துகிறேன்.